இரண்டு நாளைத் தின்ற பழைய பிரவுசர்

மூன்று தளங்கள். ஒன்று, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்ற எச்சரிக்கையோடு வாசலிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது, மனிதர்தானா என்று சரிபார்ப்பதாகச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டத்தில் டிக் அடித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டு மறுபடியும் அதே கட்டத்தைக் காட்டும். மூன்றாவது, 'நீங்கள் தடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்று ஒரே வரியில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. மெயில், வீடியோ, செய்தித் தளங்கள் எல்லாம் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்ததால், கோளாறு பிரவுசரில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. மூன்று தளங்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்கும் என்று நம்பத்தான் மனம் தயாராக இருந்தது. இரண்டு முழு நாள் போனது. ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் அதோடு சேர்ந்து போனது. கடைசியில் பழைய பிரவுசரை அப்டேட் செய்து சரிசெய்ய ஆன நேரம் 20 நிமிடம். கோபம் வந்தது அந்த 20 நிமிடத்தைப் பார்த்துத்தான்.

இந்த மாதிரி நேரத்தில் கை எந்த வரிசையில் போகும் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் குக்கீ, கேஷ் எல்லாவற்றையும் மொத்தமாக அழிப்போம். பலன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளங்களிலும் லாகின் போய்விடும். அடைத்த தளம் அடைத்தபடியே இருக்கும். அடுத்தது ரவுட்டரை அணைத்துப் போடுவது. அதற்கடுத்து டிஎன்எஸ் எண்ணை மாற்றுவது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் வேலை மட்டும்தான். தடுப்புப் பக்கமோ, தளத்தின் அடையாளச் சீட்டான சான்றிதழைப் பற்றிய எச்சரிக்கையோ திரையில் வந்துவிட்டது என்றால், பெரும்பாலும் முகவரி கிடைத்து, மறுமுனையில் இருப்பவர் பதிலும் சொல்லிவிட்டார் என்று பொருள். அங்கே டிஎன்எஸ்ஸைக் குடைவதில் அர்த்தம் இல்லை. பிறகு விபிஎன், அதாவது உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் சேவை. இது நிலைமையை இன்னும் கெடுக்கும். இலவச விபிஎன்னின் ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கானோர் புழங்குவதால், அந்த முகவரியையே சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். கட்டத்தோடு நின்ற தளம், விபிஎன் போட்டதும் நேரடியாகத் தடுக்க ஆரம்பித்தது.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று போதும். அதே வைஃபையில் வேறொரு கருவியில், உதாரணமாகப் போனில், அதே தளத்தைத் திறந்து பாருங்கள். பிறகு அதே கணினியைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் திறந்து பாருங்கள். போனில் திறக்கிறது, கணினியில் எந்த இணைப்பிலும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி கணினிக்குள் இருக்கிறார். வைஃபையில் எந்தக் கருவியிலும் திறக்கவில்லை, ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது என்றால் இணைப்பிலோ அதன் முகவரியிலோதான் சிக்கல். எங்குமே திறக்கவில்லை என்றால் தளத்தின் பக்கம் கோளாறு. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கணினிக்குள்தான் என்று தெரிந்துவிட்டால், அதே கணினியில் இன்னொரு பிரவுசரில் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு முதல் பிரவுசரில்தான், சந்தேகத்துக்கே இடமில்லை. இந்தச் சோதனையை முதல் நாள் காலையிலேயே செய்திருந்தால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது, தடுப்புப் பக்கத்தை நிதானமாகப் படிப்பது. எல்லாத் தடையும் ஒரே ஆள் போடுவதில்லை. யார் போட்டது என்பது அந்தப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். 'பிளாக்டு பை கிளையன்ட்' என்று முடியும் குறி வந்தால், தடுத்தது பெரும்பாலும் நீங்களே பிரவுசரில் சேர்த்துவைத்த விளம்பரத் தடுப்புத் துணை நிரல், அதாவது எக்ஸ்டென்ஷன். 'பிளாக்டு பை அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றால் அலுவலகமோ கல்வி நிலையமோ கணினியில் போட்டுவைத்த கட்டுப்பாடு. 'செர்ட் டேட் இன்வேலிட்', 'செர்ட் அத்தாரிட்டி இன்வேலிட்' என்று வந்தால் சான்றிதழ் விவகாரம். ஃபயர்ஃபாக்ஸில் இதில் இரண்டாவது, 'அன்நோன் இஷ்யூவர்' என்று வரும். 'வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்' என்றால், பிரவுசருக்கும் தளத்துக்கும் பொதுவாகத் தெரிந்த குறியாக்க முறை ஒன்றுகூட இல்லை. 403 என்ற எண்ணோடு வந்தால் மறுத்தது தளமோ அதன் முன்னால் காவல் நிற்கும் சேவையோ. 429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கதவைத் தட்டிவிட்டீர்கள். 451 என்றால் சட்டக் காரணத்துக்காக மறைத்திருக்கிறார்கள். இவற்றில் சான்றிதழ், சைஃபர், மனிதர்தானா என்ற சுற்று, சில 403கள் ஆகிய நான்கும் பழைய பிரவுசரால் வரக்கூடியவை. மற்றவற்றுக்கு அப்டேட் மருந்தல்ல.

சான்றிதழ் எச்சரிக்கையில்தான் ஆள் மிக எளிதாக ஏமாறுகிறார். தேதி தவறு என்று அது சொன்னதும், தளக்காரர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து பார்த்தால் பல நேரம் தேதி சரியாகவே இருக்கும். உண்மையில் நடப்பது வேறு. தளத்தின் சான்றிதழுக்கு மேலே ஓர் இடைநிலைச் சான்றிதழ், அதற்கும் மேலே வேர்ச் சான்றிதழ் என்று ஒரு சங்கிலி உண்டு. நம்பத்தகுந்த வேர்கள் எவை என்ற பட்டியல் உங்கள் கணினியிலோ பிரவுசரிலோ இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. அது ஆரம்பத்தில் சாய்ந்திருந்த பழைய வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பதிலாக வந்த புதிய வேர் பட்டியலில் இல்லாத கருவிகளில், அன்று முதல் நல்ல தளங்களெல்லாம் ஆபத்தானவை போலத் தெரிந்தன. பெரிய நிறுவனங்களின் தளங்கள் வேறு வேர்களில் நிற்பதால் அவை ஒழுங்காகத் திறக்கும். சிறிய தளங்கள்தான் மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு தளங்கள் மட்டும் அடைபடும் மர்மம் இதுதான்.

இந்தப் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலமாகத் தன் பட்டியலைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. குரோம் நெடுநாள் விண்டோஸின் பட்டியலையும் மேக்கின் பட்டியலையும் நம்பியிருந்தது. 105ஆம் பதிப்பிலிருந்துதான் படிப்படியாகத் தன் சொந்தப் பட்டியலுக்கு மாறியது. ஆகவே பழைய விண்டோஸில் பழைய குரோம் என்றால் இரண்டு பழசும் சேர்ந்து அடைக்கும். அதே கணினியில் புதிய ஃபயர்ஃபாக்ஸைப் போட்டதும் தளம் திறப்பதற்குக் காரணமும் இதுவே. இதில் மாயம் எதுவும் இல்லை.

பிரவுசரைத் தொடுவதற்கு முன்னால் கணினியின் தேதியைப் பாருங்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வருடம், மாதம் இரண்டும் சரியா என்று பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது பெரிய தளம், சிறிய தளம் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாம் அடைபடும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள்தான். எல்லாச் சான்றிதழ்களுக்குமான உச்ச வரம்பும் குறைந்துகொண்டே வருகிறது: 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள், 2026 மார்ச்சிலிருந்து 200, 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. ஆயுள் சுருங்கச் சுருங்க, கடிகாரம் சில நாள் பிசகினாலே இனி இந்த எச்சரிக்கை வரும்.

அந்த மனிதர்தானா சுற்று வேறு ரகம். தளத்துக்கு முன்னால் நிற்கும் காவல் சேவை, உங்கள் பிரவுசரில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கிறது. அது புதிய பிரவுசர்களுக்கென்று எழுதப்பட்டது. பழைய பிரவுசரில் பாதியிலேயே முறிந்துவிடும். விடை போய்ச் சேராது. சேவை மறுபடியும் கேள்வி கேட்கும். இன்னொரு பக்கம், தளங்களைச் சுரண்டும் தானியங்கி நிரல்கள் பலவும் நான்கைந்து வருடத்துக்கு முந்தைய குரோம் எண்ணைத்தான் தங்கள் பெயராகச் சொல்லிக்கொள்கின்றன. அதனால் உண்மையிலேயே அந்தப் பழைய குரோமில் உட்கார்ந்திருக்கும் மனிதரும் அந்தக் கும்பலோடு சேர்த்து எண்ணப்படுகிறார். ஆத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் வாசலில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

இங்கே ஒரு குறுக்குவழி பலரையும் இழுக்கும்: யூசர் ஏஜென்ட் என்ற அடையாள வரியை மட்டும் மாற்றி, புதிய பிரவுசர் போல வேஷம் போடுவது. அரை நாளை இதற்குக் கொடுத்தாயிற்று, பலன் பூஜ்யம். காரணம், இணைப்பின் முதல் கைகுலுக்கலிலேயே பிரவுசர் எந்தெந்தக் குறியாக்க முறைகளை முன்வைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதை வைத்துக் கைரேகை எடுக்கும் ஜேஏ3 போன்ற முறைகள் 2017 முதலே புழக்கத்தில் இருக்கின்றன. சொல்லும் பெயர் ஒன்று, கைரேகை வேறொன்று என்றால், வெறும் பழசு என்ற சந்தேகம் போலி என்ற முடிவாக மாறிவிடும்.

இனி வேலை. குரோமில் வலது மூலையில் மூன்று புள்ளி, அதில் 'ஹெல்ப்', அதற்குள் 'அபவுட் கூகுள் குரோம்'. அந்தப் பக்கம் திறந்ததுமே தானாகப் புதிய பதிப்பைத் தேடும். தேடி முடித்ததும் 'ரீலான்ச்' பொத்தான் வரும். அதை அழுத்தாதவரை பழைய பதிப்புதான் ஓடும். எட்ஜிலும் இதே வழிதான்: 'ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக்', பிறகு 'அபவுட்'. ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடு, 'ஹெல்ப்', 'அபவுட் ஃபயர்ஃபாக்ஸ்'. மடிக்கணினியை மூடி மூடித் தூங்கவைத்து, பிரவுசரை வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்டேட் இறங்கிக் காத்துக்கொண்டிருக்கும், உள்ளே வர வாய்ப்பே கிடைக்காது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சில வருடங்களாக ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வீதம் வெளியிட்டு வந்திருக்கின்றன. உங்கள் எண் இப்போதைய எண்ணைவிட ஒன்றிரண்டு குறைவாக இருந்தால் கவலை இல்லை. இருபது, முப்பது குறைவு என்றால் தானியங்கி அப்டேட் எப்போதோ செத்துவிட்டது.

ஏன் செத்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த வருடம் இதே கதை. பெரும்பாலும் கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் துப்புரவு மென்பொருள்தான் காரணம். பின்னணியில் ஓடும் தேவையற்ற சேவை என்று கூகுளின் அப்டேட் சேவையை அது அணைத்துவிட்டிருக்கும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் கூகுள் அப்டேட் பெயரில் இருப்பவற்றைத் தேடி, 'டிசேபிள்டு' என்று இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். 'உங்கள் பிரவுசரை நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று மெனுவின் அடியில் தெரிந்தால் அப்டேட்டை வேறொருவர் பூட்டியிருக்கலாம். அலுவலகக் கணினி என்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சொந்தக் கணினியில் அப்படித் தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறது. அது ஆன்டிவைரஸாகவும் இருக்கலாம், தீங்கான நிரலாகவும் இருக்கலாம். டிஸ்கில் இடம் இல்லாததும் ஒரு காரணம். சில ஜிபி காலியாக இல்லாவிட்டால் அப்டேட் பாதியில் நின்றுவிடும், அதையும் தெளிவாகச் சொல்லாது.

உள்ளிருந்து அப்டேட் ஆகவில்லை என்றால் புதிதாக இறக்கி மேலேயே நிறுவலாம். பழைய பிரவுசரால் சில நேரம் அந்த டவுன்லோட் பக்கத்தையே திறக்க முடியாது. அப்போது வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய இன்ஸ்டாலர் மறுபடியும் இணையத்திலிருந்துதான் மீதியை இழுக்கும், எனவே ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று கேட்டு முழுக் கோப்பையும் எடுங்கள். தயாரித்தவரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்க வேண்டாம். 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்தவும்' என்று ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் குதிக்கும் பெட்டி, தீங்கான நிரலைத் தள்ளிவிட ஆண்டாண்டாகப் பயன்படும் தந்திரம். நிறுவும் முன் புக்மார்க்குகளைக் கோப்பாக எடுத்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்' இருக்கும். பாஸ்வேர்டுகளையும் எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பில் எல்லாம் மறைக்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும்; வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிடுங்கள். பழையதை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. செய்தே ஆக வேண்டுமென்றால், பிரவுசர் தரவையும் அழிக்கவா என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள்.

எல்லாம் செய்தும் எண் ஓர் இடத்துக்கு மேல் நகரவில்லை என்றால், உங்களைத் தடுப்பது இயங்குதளம். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109தான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110க்கு விண்டோஸ் 10 வேண்டும். அதே கணினிகளுக்கு ஃபயர்ஃபாக்ஸின் 115 இஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு, சாதாரண ஆதரவு முடிந்த பிறகும் பாதுகாப்புத் திருத்தங்களோடு நீட்டிக்கப்பட்டது. அதனால் இரண்டில் எதைப் போடுவது என்று கேட்டால் தயங்காமல் ஃபயர்ஃபாக்ஸ் என்பேன். மேக்கில் 10.13, 10.14 இரண்டும் குரோம் 116 உடன் நிற்கும். சஃபாரியின் புதிய பதிப்பு மேக்கின் சாஃப்ட்வேர் அப்டேட் வழியாகத்தான் வரும். ஆண்ட்ராய்டு 7இல் குரோம் 119, ஆண்ட்ராய்டு 8, 9இல் 138. ஆண்ட்ராய்டில் இன்னொன்றும் உண்டு: பிற செயலிகளுக்குள்ளேயே திறக்கும் பக்கங்கள் பல, 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற தனிப் பொதியில் ஓடுகின்றன. பிரவுசரை அப்டேட் செய்தும் செயலிக்குள் மட்டும் தளம் அடைபட்டால் பிளே ஸ்டோரில் இதைத் தேடி அப்டேட் செய்யுங்கள். ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் பொதுவாக உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். அது ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது. அங்கே பிரவுசரை மட்டும் அப்டேட் செய்துவிட்டுத் தளம் திறக்கவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை.

அப்டேட் முடிந்தும் பழைய தடை தெரிந்தால் பதற வேண்டாம். அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழியுங்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் தளத்தின் தரவை நீக்கும் வழி இருக்கும். பிறகு இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் நீங்களாக அனுமதித்தால் ஒழிய ஓடாது. அதில் திறந்து, சாதாரண சாளரத்தில் திறக்கவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடிக்கலாம். சான்றிதழ் எச்சரிக்கை மட்டும் நீடித்தால் சான்றிதழை வழங்கியவர் யார் என்று திறந்து பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது இடையில் புகுந்து இணைப்பைப் பிரித்துப் படிக்கிறது. அதில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்பதை அணைத்தால் போதும். பிரவுசர் சரியாகத்தான் இருக்கிறதா என்று சோதிக்க பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் உண்டு. அதிலுள்ள காலாவதியான சான்றிதழ்ப் பக்கத்தை உங்கள் பிரவுசர் தடுக்க வேண்டும். தடுக்காமல் திறந்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அரிதாக, அப்டேட் செய்ததே தடையைக் கொண்டுவரும். 2024 ஏப்ரலில் வந்த குரோம் 124, குவான்டம் கணினிகளாலும் உடைக்க முடியாதபடி வடிவமைத்த புதிய குறியாக்கத்தைக் கணினிகளில் இயல்பாக இயக்கியது. அதனால் கைகுலுக்கலின் முதல் செய்தி பெரிதாகி ஒரே பொட்டலத்தில் அடங்காமல் போனது. அப்படி வரும் என்று எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட சில பழைய சர்வர்களும் ஃபயர்வால்களும் இணைப்பையே அறுத்துவிட்டன. அலுவலகத்துக்குள் மட்டும், புதிய பிரவுசரில் மட்டும் ஒரு தளம் 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று முறிந்தால் இதை அங்குள்ள நெட்வொர்க் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். பிரவுசரைப் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் 67இலிருந்து, புதிய பதிப்பு பயன்படுத்திய புரொஃபைலை, அதாவது உங்கள் அமைப்புகளும் புக்மார்க்குகளும் உள்ள தொகுப்பை, பழைய பதிப்பு திறக்கவும் மறுக்கும்.

முழுச் சிவப்பில் வரும் ஆபத்தான தளம் என்ற பக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கூகுளின் சேஃப் பிரவுசிங் என்ற ஆபத்தான தளங்களின் பட்டியலின் வேலை. கணினியில் வைத்திருக்கும் சுருக்கப் பட்டியலோடு முகவரி பொருந்தினாலும், சர்வரில் முழுதாக ஒப்பிட்ட பிறகுதான் சிவப்பு வரும். அது தவறாக வந்திருந்தால் தள உரிமையாளர்தான் கூகுளின் சர்ச் கன்சோலில் மறுஆய்வு கேட்க வேண்டும். பார்வையாளர் பிரவுசரை எத்தனை முறை புதுப்பித்தாலும் மாறாது. சான்றிதழ் எச்சரிக்கையில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி உள்ளே நுழைய ஒரு வழி இருக்கும். பாஸ்வேர்டோ அட்டை எண்ணோ கொடுக்க வேண்டிய தளத்தில் அதைத் தொடாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

புதிய பிரவுசரிலும் 403 நீடித்தால் தளக்காரருக்கு எழுதுங்கள். 'உங்கள் தளம் திறக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. முதலில் அப்படித்தான் எழுதப்பட்டது, பதிலும் வரவில்லை. கிளவுட்ஃபிளேர் என்ற சேவையின் காவலில் இருக்கும் தளம் என்றால் தடுப்புப் பக்கத்தின் அடியில் 'ரே ஐடி' என்று எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு தொடர் இருக்கும். அதையும் தேதி, நேரம், நேர மண்டலம், உங்கள் ஐபி முகவரி, பிரவுசரின் பெயர், முழுப் பதிப்பு எண் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், எந்த விதி உங்களைத் தடுத்தது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியும். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் அந்த எண் மாறிவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.